இரைச்சல் எங்கிருந்து வந்தது?

அறிவியல் கண்காட்சிக்கு இரண்டே நாட்கள் இருந்தன. நான் அமைத்த மின்வழங்கியை ஒலிபெருக்கியோடு இணைத்தால் ‘உம்’ என்ற இரைச்சல்! நண்பன் தந்த பழைய 741 செயல்பாட்டுப் பெருக்கிதான் பழுது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது.

சுற்று எளியதே. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. நான்கு டையோடுகள் அதை ஒருதிசையாக்கினால் நொடிக்கு 100 மேடுகள் கிடைக்கும். 1000 மைக்ரோஃபாரடு மின்தேக்கி மேடுகளைத் தணிக்கும். எனினும் 100 மில்லிஆம்பியர் எடுக்கையில் ஏறத்தாழ 1 வோல்ட் சிற்றலை எஞ்சும். 10,000 ஓம் தடையும் 100 மைக்ரோஃபாரடு மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி இதனை 600 மடங்குக்கு மேல் குறைக்கும். ஆனால் அத்தனை பெரிய தடை வழியே நமக்கு வேண்டிய மின்னோட்டம் பாயாது. எனவே வடிகட்டிய மின்னழுத்தத்தை 741 ஏற்று, ஒரு டிரான்சிஸ்டரை இயக்கி, அதே அழுத்தத்தை வெளியே தருகிறது. பெருக்கி இயங்க மேலே சில வோல்ட் இடைவெளி வேண்டும். ஆகவே 20,000 ஓம் தடையொன்றை வடிகட்டியின் மின்தேக்கிக்கு இணையாகச் சேர்த்து, வெளியீட்டை 10 வோல்ட்டாக இறக்கியிருந்தேன்.

புதிய 741 வாங்கிப் பொருத்தினேன், இரைச்சல் போகவில்லை. பெரிய மின்தேக்கியை வைத்தேன்; பயனில்லை. ஒலிபெருக்கியைக் கழற்றினால் மட்டும் சிற்றலை அடங்கியது. அப்படியானால் குற்றம் மின்னோட்டம் செல்லும் பாதையில் அல்லவா?

ஆசிலாஸ்கோப்பின் தரை முனையை வெளியீட்டின் எதிர்முனையில் மாட்டி, மறுமுனையால் வடிகட்டி மின்தேக்கியின் எதிர்முனையைத் தொட்டேன். சுழி இருக்கவேண்டிய இடத்தில் 0.1 வோல்ட் சிற்றலை!

காரணம் புரிந்தது. அந்த எதிர்முனையை நான் டையோடுகளின் அருகில் பற்றவைத்திருந்தேன். அங்கிருந்து பெரிய மின்தேக்கிக்குச் சென்ற மெல்லிய கம்பி ஒரு சாண் நீளம். தடை சுமார் 0.1 ஓம். பெரிய மின்தேக்கி தொடர்ச்சியாக நிரம்புவதில்லை. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் கணநேரம் 1 ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொள்கிறது. அத்துடிப்பு கம்பியில் உண்டாக்கிய 0.1 வோல்ட்டை, வடிகட்டியும் 741-உம் உண்மையென நம்பி வெளியே அனுப்பின. படத்தில் வரையும் கோட்டுக்குத் தடை இல்லை, கம்பிக்கு உண்டு.

வடிகட்டியின் தரையையும் வெளியீட்டின் தரையையும் பெரிய மின்தேக்கியின் எதிர்முனையிலேயே ஒன்றாகச் சேர்த்தேன். இரைச்சல் ஓய்ந்தது. பின்னர் பழைய 741-ஐ மீண்டும் பொருத்தினேன், அப்போதும் அமைதியே!

கண்காட்சியில் அதுவே இயங்கியது. தொடங்குமுன் நண்பனிடம், எல்லார் முன்னிலையிலும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.