கோணலாகக் கூடிய எலும்புகள்

கைக்குழந்தைக்குத் துணி மாற்றும்போது தொடை எலும்பு முறிந்துவிடுகிறது. குழந்தை விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. கால் சற்றுத் திரும்பியது, அவ்வளவுதான். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்ற பிறவி நோய் உள்ள வீடுகளில் இது நடக்கிற காரியம். எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தை உடல் குறைவாகவோ பிழையாகவோ உண்டாக்குவதால் வருவது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை. சுவீடனில் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எலும்பு நொறுங்கி வந்ததை ஓலோஃப் யாக்கோப் எக்மன் 1788-லேயே தம் ஆய்வேட்டில் எழுதிவிட்டார். ஆனால் முறிந்த எலும்பை நேராக நிறுத்தி வைக்கும் வழி பிறக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்த எலும்பு முறிந்தால் திரும்பக் கூடவே செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மற்றக் குழந்தைகளுக்குக் கூடுகிற அதே காலத்தில்தான் இதுவும் கூடுகிறது. கூடிய பிறகும் அது அதே நலிந்த எலும்பு என்பதுதான் துயரம். சுற்றியுள்ள தசைகள் இழுக்க இழுக்கத் தொடை எலும்பு முன்னும் வெளியுமாக வளைகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முன்பக்கம் வளைகிறது. வளைந்த எலும்பில் உடல் எடை முழுவதும் அந்த வளைவின் மேல் போய் விழும். அடுத்த முறிவு அங்கேயே.

அன்று இதற்கு இருந்த மருந்து மாவுக்கட்டு ஒன்றுதான். வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த கால், கட்டைப் பிரிக்கும்போது முன்னைவிட மெலிந்திருக்கும். எடை தாங்காத எலும்பு இன்னும் சுண்ணாம்புச் சத்தை இழக்கும். நிற்க வைத்த சில நாளில் மறுபடி முறிவு, மறுபடி கட்டு. பத்து வயதுக்குள் கால்கள் இரண்டும் கோணி, பிள்ளை தலையணை நடுவே வளர்ந்தது. பள்ளிக்கூடம் எட்டாத இடமாயிற்று. பிரான்சில் 1962-இல் பிறந்த ஜாஸ் பியானோ மேதை மிஷெல் பெத்ருச்சியானி அந்தத் தலைமுறைக்காரர். மூன்றடி உயரம்தான் வளர்ந்தார்; மிதிகட்டை எட்டுவதற்குத் தனிக் கருவி பொருத்தித்தான் வாசித்தார். அவருக்குப் பியானோ இருந்தது. மற்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரு சன்னல்கூட வாய்க்கவில்லை.

நம் ஊரில் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது கட்டுக் கட்டுகிறவரிடம். புத்தூர்க் கட்டு என்றால் இன்றும் நம்பிக்கை உண்டு. மூங்கில் தப்பையும் மூலிகைப் பற்றும் பல நல்ல எலும்புகளைக் கூட்டியிருக்கின்றன. அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் உள்ளே நோய் இருக்கும் எலும்புக்கு வெளிக்கட்டு போதாது. அதைவிடக் கொடியது பழி. கண்ணேறு என்றார்கள், பெற்றவள் பிள்ளையைப் போட்டுவிட்டாள் என்றார்கள். எக்ஸ்ரேயில் பழைய முறிவுகளைப் பார்த்த மருத்துவர்களும் அடித்தார்களோ என்று சந்தேகப்பட்டதுண்டு. எந்தத் தாயும் இந்த இரண்டாவது அடியைத் தாங்கியிருக்கக் கூடாது.

மாற்றம் 1959-இல் வெளியான ஒரு கட்டுரையால் தெரியவந்தது. சோஃபீல்டு, மில்லர் என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் வளைந்த எலும்பைப் பல துண்டுகளாக அறுத்து, ஊசியில் மணி கோப்பது போல ஒரு கம்பியில் கோத்து நேராக்கினார்கள். கோணலாகக் கூடியதை வெட்டித் திரும்பக் கூட வைப்பது! கேட்கவே நடுக்கமாக இருந்தாலும் பிள்ளைகள் நின்றார்கள். ஆனால் எலும்பு வளர்ந்தது, கம்பி வளரவில்லை. கம்பியின் முனையைத் தாண்டியதும் அங்கே மீண்டும் வளைந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, பிள்ளையோடு சேர்ந்து நீளும் கம்பியை பெய்லியும் டுபோவும் 1963-இல் கொண்டுவந்தார்கள். மான்ட்ரியாலில் ஃபசியே, டுவால் இருவரும் பிற்பாடு அதைத் திருத்தி அமைத்ததைத்தான் இன்று பெரும்பாலும் வைக்கிறார்கள். கூடுமானவரை சிறு கீறலோடு முடித்துவிடலாம்.

கம்பி மட்டும் இருந்திருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும். அதே மான்ட்ரியாலில் ஃபிரான்சிஸ் குளோரியே 30 குழந்தைகளுக்குப் பாமிட்ரோனேட் என்ற மருந்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை ட்ரிப்ஸாக ஏற்றி, 1998-இல் முடிவை வெளியிட்டார். எலும்பு அடர்ந்தது, முறிவு குறைந்தது, ஓயாத வலி தணிந்தது. எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும் மருந்து இது. கொலாஜனின் பிழையை மாற்றாது. ஆகவே இதை நோய் தீர்க்கும் மருந்தாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் எலும்பு கம்பியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தடித்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் சோலிட்ரானிக் அமிலமும் உண்டு. கட்டிலில் கிடத்தாதே, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ நிற்க வை, தண்ணீரில் நடக்க வை என்பதே இன்றைய அறிவுரை. அன்று சொன்னதற்கு நேர் எதிர்.

இந்தியாவின் அரிய நோய்க் கொள்கை (2021) இந்த நோயையும் இந்த மருந்து வகையையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருந்தும் வேறு சில அரிய நோய் மருந்துகளைப் போலக் கோடிகளில் விலை போவதல்ல. தமிழ்நாட்டில் இதைப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. நோயின் சில வகைகள், நலமாக இருக்கும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்து சேரும்போது பிறக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். இருவரும் அந்தப் பிழையைச் சுமக்கும் தம்பதிக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்கலாம் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கம்பியால் எல்லாம் நேராகிவிடவில்லை. முதுகெலும்பு இன்னும் வளைகிறது, மார்புக்கூடு சுருங்கி மூச்சை நெருக்குகிறது, வயது ஏறக் காது மந்தமாகிறது. மாவுக்கட்டுக் காலத்துப் பிள்ளைகள் இன்று நடுவயதுக்காரர்கள். வளைந்தபடி கெட்டிப்பட்ட அவர்களது தொடைகளை நிமிர்த்துவது எளிதல்ல. குழந்தைப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை, பெரியவர்கள் பிரிவில் இந்த நோயைப் பழகியவர்கள் குறைவு. எந்த மருத்துவரிடம் போவது என்ற கேள்வியோடுதான் அவர்களில் பலர் இருக்கிறார்கள்.