பாதி ஆட்டம் தோற்றால் நியாயம்தான்

"எவ்ளோ ஆடினாலும் பாதி ஆட்டம் தோத்துட்டே இருக்கேன், சிஸ்டம் ஏமாத்துது." அம்பத்தூர், முகப்பேர் பக்கம் ஆன்லைன் செஸ் ஆடும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது. உண்மையில் பாதி தோற்றால் சிஸ்டம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

அடிப்படை, ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் போட்ட கணக்கு. ஃபிடே 1970ல் அதை ஏற்றுக்கொண்டது. ரேட்டிங் பரீட்சை மார்க் இல்லை, ஒரு ஊகம். 1500 உள்ளவர் 1700 உள்ளவரோடு 100 ஆட்டம் ஆடினால் சுமார் 24 புள்ளி எடுப்பார் என்கிறது கணக்கு. அவர் ஜெயித்துவிட்டால் ஊகத்தைத் திருத்த வேண்டும்: ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்ச மாற்றம் 20 என்று வைத்தால், 15 ஏறும். தோற்றால் 5தான் இறங்கும்.

நேரடிப் போட்டியில் சமமான எதிராளி கிடைக்க நேரமாகும். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்டில் 11 சுற்று, ஸ்விஸ் முறை. முதல் சுற்றில் பலமான அணிக்குப் பலவீனமான அணி. பிறகு ஜெயித்தவருக்கு ஜெயித்தவர். மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளி மாணவர் குகேஷ் முதல் 8 ஆட்டங்களையும் ஜெயித்தார். மீதி 3 ஆட்டத்தில் கிடைத்தது 1 புள்ளி.

ஆன்லைனில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பதால், சமமான ஆளைச் சில நொடியில் பிடித்துவிடலாம். ஆள் குறைவு என்றால் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: காத்திருப்பு நேரம், அல்லது சமநிலை.

புதிதாக வருபவரை என்ன செய்வது? லிசெஸ் எல்லோரையும் 1500ல் தொடங்க வைக்கிறது. அது பயன்படுத்தும் கிளிக்கோ-2 முறை, ரேட்டிங்கோடு 'இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்' என்பதையும் கணக்கு வைக்கிறது. நம்பிக்கை குறைவாக இருக்கும்வரை எண் தாறுமாறாக ஏறி இறங்கும்.

ஓட்டை இருப்பதும் இங்கேதான். நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் புதுக் கணக்கு தொடங்கினாலோ, வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கை இறக்கினாலோ, கணக்குக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது முடிவுகள் மட்டும்தான். அடி வாங்குவது எதிரில் உட்கார்ந்திருக்கும் கத்துக்குட்டி. இதைக் கண்டுபிடித்துத் தடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று: "இன்னிக்கு எத்தனை ஜெயிச்சே?" என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் முன்பு ரேட்டிங் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பாருங்கள். வெற்றி பாதியிலேயே நின்றாலும் ரேட்டிங் ஏறியிருந்தால், பிள்ளை இப்போது பலமானவர்களிடம்தான் தோற்கிறான்.