உழவு இயந்திரப் பெட்டி: வாங்கும்போதும் கொழுவும்போதும் கவனிக்க வேண்டியவை

வன்னியில் உழவு இயந்திரப் பெட்டி ஏறாத குடும்பம் இல்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்த மக்கள் கூரைத் தகரம், நெல் மூடை, பாய், பாத்திரம், நடக்க முடியாத முதியவர்கள், குழந்தைகள் எல்லாவற்றையும் ஏற்றியது உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லாண்ட்மாஸ்டர் பெட்டிகளிலும்தான். அன்று எவ்வளவு பாரம், எந்தப் பக்கம் பாரம் என்று பார்ப்பதற்கு யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

மீள்குடியேறிய பின்னரும் அதே பெட்டிதான் வாழ்வாதாரம். நெல் ஏற்றுவது, மணல் பறிப்பது, வரட்சிக் காலத்தில் தண்ணீர் கொண்டுவருவது, களை பிடுங்கப் போகும் பெண்களை வயலில் இறக்குவது, வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போவது எல்லாமே அதில்தான். ஆனால் இயந்திரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பெட்டியைப் பற்றியோ, இரண்டையும் இணைக்கும் இடத்தைப் பற்றியோ நாம் பேசுவதில்லை. பெட்டி தடம்புரள்வதற்கும் இயந்திரம் குடைசாய்வதற்கும் காரணம் பெரும்பாலும் அந்த இணைப்பிலும், பாரம் வைத்த முறையிலும், தேய்ந்த பிரேக்கிலும் இருக்கிறது.

பாரத்தைக் கணக்குப் போடுங்கள்

பெட்டி நிறைந்ததா என்று கண்ணால் பார்த்து அளப்பது வழக்கம். வைக்கோலுக்கு அது சரி. மணலுக்குச் சரிவராது.

ஒரு கியூப் என்பது 100 கன அடி. அதாவது 2.83 கன மீற்றர். காய்ந்த மணல் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1.6 தொன் இருக்கும். ஆகவே ஒரு கியூப் காய்ந்த மணல் ஏறத்தாழ நாலரைத் தொன். ஆற்றிலிருந்து அள்ளிய ஈர மணல் என்றால் ஐந்து தொன்னைத் தாண்டிவிடும். மூன்று தொன்னுக்குச் செய்த பெட்டியில் ஒரு கியூப் ஈர மணல் ஏற்றினால், அச்சும் ரயரும் தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சுமக்கின்றன.

லாண்ட்மாஸ்டர் பெட்டிகள் பொதுவாக ஒரு தொன் அளவு பாரத்துக்கு உரியவை. கால் கியூப் காய்ந்த மணலே 1.1 தொன் வந்துவிடும். நெல் மூடை ஒன்று 65 கிலோ என்று வைத்தால் 15 மூடைகள் 975 கிலோ. அதற்கு மேலே நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால் இன்னொரு 200 கிலோவுக்கு மேல் சேர்கிறது.

தண்ணீர் இன்னும் இலகுவான கணக்கு: ஆயிரம் லீற்றர் ஒரு தொன். ஆனால் தண்ணீர் மற்றப் பாரத்தைப்போல ஓரிடத்தில் இருக்காது. பாதி நிரம்பிய தாங்கியே முழுவதும் நிரம்பியதைவிடச் சிக்கலானது. வளைவில் திரும்பும்போது தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கம் ஓடி அந்தப் பக்கச் சில்லின் மீது விழும். பிரேக் பிடித்தால் முன்னுக்கு வந்து இடிக்கும். பவுசருக்கு உள்ளே தடுப்புத் தகடுகள் இருப்பது இதற்காகத்தான். பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாங்கியைத் தூக்கி வைத்துக் கொண்டுபோவோர் அதை முழுதாக நிரப்புங்கள், அல்லது முழுதாக வெறுமையாக்குங்கள். தாங்கியை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியவர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினால் மாடு சுமையில் தள்ளாடும். ஒற்றை அச்சுப் பெட்டிக்கும் அதே விதிதான்.

பெட்டியின் மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இணைப்பின் மீது விழும்படி ஏற்றுவது நல்லது. மூன்று தொன் என்றால் சுமார் 300 கிலோ. பின்பாரம் கூடினால் பெட்டியின் முன்சட்டம் இயந்திரத்தின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பின்சில்லுகளின் பிடிமானம் குறையும். வேகம் கூடும்போது பெட்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். முன்பாரம் மிதமிஞ்சினால் இயந்திரத்தின் முன்சில்லுகள் நிலத்தை இலேசாகத் தொடும். ஸ்ரியரிங்கைத் திருப்பினாலும் இயந்திரம் திரும்பாது. இயந்திரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சில்லுகளில் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு.

பாரமான பொருளை அடியில், அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும் வையுங்கள். இலேசானதை மேலே வையுங்கள். மரக்குற்றி, கம்பி, குழாய் போன்ற நீளமானவை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் பின்பாரம் தானாகவே கூடும். பகலில் சிவப்புத் துணியும் இரவில் சிவப்பு விளக்கும் நுனியில் கட்டுங்கள்.

கொழுவும் இடம்

பெட்டியின் கண்ணுக்குள் போடும் பின் சிறிய இரும்புத் துண்டு. முழுப் பாரமும் அதில்தான் தொங்குகிறது. பின் தொலைந்தால் கையில் கிடைத்த கொங்கிறீற் கம்பியையோ நீளமான போல்டையோ போட்டுவிட்டு ஓடுவதைப் பல இடங்களில் காணலாம். போல்டின் மரை வெட்டிய பகுதி மெலிந்தது. இழுவையும் குலுக்கமும் மாறி மாறி வரும்போது அந்த இடத்தில்தான் அது அறும். துளைக்குப் பொருத்தமான தடிப்பில், இதற்கென்றே செய்த பின்னைப் பாவியுங்கள். அதன் கீழ்நுனியில் கழன்று போகாதபடி கிளிப் போடுங்கள்.

பின் அறுந்தாலும் பெட்டி தனியே ஓடாமல் இருக்க ஒரு சங்கிலி வேண்டும். பெட்டியின் முன்சட்டத்திலிருந்து இயந்திரத்தின் சட்டத்துக்கு, திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வாகக் கட்டுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் வீதியில் தனியே உருண்டோடும் மணல் பெட்டியை நினைத்துப் பார்த்தால் அந்தச் சங்கிலியின் விலை பெரிதாகத் தெரியாது.

பெட்டியைக் கொழுவும்போது இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையில் ஆள் நிற்கும் வேளையில் பின்னுக்கு எடுக்கக் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, பிரேக்கைப் பூட்டிய பின்னரே உள்ளே போக வேண்டும். பெட்டியின் சில்லுகளுக்குக் கல் வைத்துவிடுங்கள். முன்சட்டத்தைக் கையால் தூக்குவதைவிட அதில் ஒரு ஜக் பொருத்திக்கொள்வது நல்லது. உடம்பில் செல் துண்டுகளோடும், ஒரு கையோடும், செயற்கைக் காலோடும் தொழில் செய்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கு இது வசதி மட்டுமல்ல, தனியே தொழில் செய்ய முடியுமா என்பதையே தீர்மானிக்கும் பொருள். செயற்கைக் கால் பாவிப்பவர் பெட்டியின் பிரேக் மிதி எந்தக் காலுக்கு எட்டுகிறது என்று முதலே பார்த்து, தேவையானால் திருத்துமிடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இயந்திரம் பின்னால் புரள்வது

மாரியில் பெட்டி சேற்றில் புதைந்தால், சங்கிலியை உயரமான இடத்தில் கட்டி இழுப்பது சிலரின் பழக்கம். இது ஆளைக் கொல்லும் பழக்கம். இயந்திரத்தின் இழுவைச் சட்டம் பின் அச்சுக்குக் கீழே இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து இழுத்தால் முன்பக்கம் மேலே எழும்பும்போது இணைப்பு கீழே இறங்கி இழுவை தளரும். அச்சிலோ அதற்கு மேலோ கட்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பின்சில்லுகள் சேற்றில் இறுகிச் சுற்ற முடியாமல் நின்றால், என்ஜினின் விசை சில்லைச் சுற்றுவதற்குப் பதிலாக இயந்திரத்தின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். ஒரு விநாடிக்குள் அது மீள முடியாத நிலைக்குப் போய்விடும். கிளச்சை மிதிக்க நேரம் கிடைக்காது.

புதைந்தால் முதலில் பாரத்தை இறக்குங்கள். சில்லுக்கு முன்னால் மண்ணை வெட்டி, பலகையோ கல்லோ போடுங்கள். இயலுமானால் வந்த வழியே பின்னுக்கு எடுங்கள். இழுப்பதென்றால் தாழ்வான இழுவைச் சட்டத்திலிருந்து மட்டும், மெதுவாக இழுங்கள். சங்கிலி அறுந்தால் எட்டும் தூரத்தில் யாரும் நிற்கக் கூடாது.

குளக்கட்டு இறக்கத்தில் லாண்ட்மாஸ்டர்

வன்னி நிலம் சமதரை என்றாலும் குளக்கட்டுகளும் பாலத்து ஏற்ற இறக்கங்களும் உண்டு. லாண்ட்மாஸ்டர் ஓட்டுபவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று அங்கேதான் இருக்கிறது.

சமதரையில் வலது கைப்பிடியின் திருப்பும் கிளச்சைப் பிடித்தால், வலது சில்லுக்குப் போகும் விசை நிற்கும். இடது சில்லு ஓடும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும்போது நிலைமை தலைகீழ். அப்போது பெட்டி இயந்திரத்தைத் தள்ளுகிறது. என்ஜின் சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. வலது கிளச்சைப் பிடித்தால் அந்தப் பிடி விட்டுப்போய் வலது சில்லு வேகமாக உருளும். இயந்திரம் இடப்பக்கம் பாயும். வலப்பக்கம் திருப்ப நினைத்தவர் இடப்பக்கம் குளத்துக்குள்ளோ வாய்க்காலுக்குள்ளோ போவது இப்படித்தான்.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே நின்று குறைந்த கியரைப் போடுங்கள். இறக்கத்தில் திருப்பும் கிளச்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள். பெட்டியின் பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவது கூடவே கூடாது.

நாலு சில்லு உழவு இயந்திரத்தில் இடது வலது பின்சில்லுகளுக்குத் தனித்தனிப் பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திரும்புவதற்கு அது உதவும். வீதிக்கு ஏறும்போது இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட வேண்டும். போடாமல் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் சுழன்று புரளும். வேகம் இரட்டிப்பானால் நிறுத்துவதற்கு வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். 15 கிலோமீற்றர் வேகத்தில் அடங்கும் பெட்டி 30இல் அடங்காது.

இரவு வீதி

பின்விளக்கு இல்லாத பெட்டி ஏ9 வீதியோரம் நிற்கிறது என்று வையுங்கள். 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் 17 மீற்றர் கடக்கும். எதிர்வாகன வெளிச்சத்தில் கண்கூசி, 30 மீற்றர் தூரத்தில்தான் பெட்டியைக் கண்டால், ஓட்டுபவருக்கு இரண்டு விநாடிகூட இல்லை. பெட்டியின் பின்பலகையில் இரு மூலையிலும் சிவப்பு ஒளிதெறிப்பான் ஒட்டுங்கள். ஒளிதெறிக்கும் முக்கோணம் ஒன்றைப் பின்னால் மாட்டுங்கள். சேறு படிந்தால் துடையுங்கள். விளக்கு வயர் அறுந்திருந்தால் பற்றரியில் எரியும் சிவப்பு விளக்காவது கட்டுங்கள்.

பழைய பெட்டி வாங்குவோருக்கு

போரின் முடிவில் முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட வாகனங்கள் உப்புக்காற்றிலும் மழையிலும் நீண்டகாலம் கிடந்தன. எங்கே கிடந்த பெட்டியானாலும் புதிய பூச்சு துருவை மறைக்கும். வாங்கும்போது அடியில் படுத்துப் பாருங்கள்.

- அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருத்தின்ற இடம் மந்தமாகக் கேட்கும்.
- முன்சட்டத்தில் வெல்டிங்குக்கு மேல் வெல்டிங் இருந்தால் அந்த இடம் முன்பு முறிந்தது. கண் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால் தேய்ந்துவிட்டது.
- சில்லை ஜக் போட்டுத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பெயரிங் போய்விட்டது. இரண்டு ரயர்களும் ஒரே அளவா, பக்கச் சுவரில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள். பல ரயர்களில் நான்கு இலக்கங்களில் உற்பத்தி வாரமும் ஆண்டும் இருக்கும். 1219 என்றால் 2019இன் 12ஆவது வாரம்.
- பின்பலகைப் பூட்டுகள் இரண்டும் இறுகுகின்றனவா என்று பாருங்கள்.
- பதிவுப் புத்தகத்தின் இலக்கமும் பெட்டியின் இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். லாண்ட்மாஸ்டருக்கு ஜி1, நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜி வகுப்பு ஓட்டுநர் உரிமம் வேண்டும். மோட்டார் சைக்கிள் உரிமம் போதாது.

வாடகைக்குப் பிடிப்போருக்கு

சொந்தமாக இயந்திரம் இல்லாத குடும்பங்களே அதிகம். குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நெல் ஏற்றவும் வீட்டுக்கு மணல் பறிக்கவும் வாடகை இயந்திரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. காசு கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பின்னில் கிளிப் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். இரண்டு தடவையில் ஏற்ற வேண்டியதை ஒரே தடவையில் ஏற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பாரத்துக்கு மேலே ஏற்றாதீர்கள். வேறு வாகனம் இல்லை என்பதால் பெட்டியில்தான் போக வேண்டியிருந்தால், பாரம் இல்லாத பெட்டியில், பின்பலகையைப் பூட்டி, கீழே உட்காரவைத்து, மெதுவாகக் கொண்டுபோங்கள். இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள முன்சட்டத்திலும் மட்கார்ட்டிலும் எவரும் உட்காரக் கூடாது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அங்கிருந்து வழுக்கி விழுந்தால் அடுத்து வருவது பெட்டியின் சில்லு. உங்கள் வளவுக்குள் இயந்திரம் வந்தால், அது நிற்கும்வரை பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள்.