தவளைக்கு முதுகு எந்தப் பக்கம்? ஒளிரும் இழைகள் சொல்லும் ரகசியம்!

தர்மபுரி மாவட்டம், அரூரை அடுத்த சித்தேரி மலை. மழை ஓய்ந்தால் போதும்... தேங்கிய நீரில் தவளைச் சத்தம் களைகட்டும். அடுத்த சில நாள்களில் தலைப்பிரட்டைகள் நெளியும். தவளை முட்டையின் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளிர் நிறம். முதுகு, வயிறு என்ற பேதமெல்லாம் அதில் கிடையாது. பிறகு முதுகு எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது யார்?

ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான ஆப்பிரிக்க நகத் தவளையில், கருவுற்ற சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள், முட்டை இரண்டாகப் பிரியும் முன்பே இது முடிவாகிவிடுகிறது. முட்டையின் மேலடுக்கு, உள்ளிருக்கும் கருப்பொருளின் மீது சுமார் 30 டிகிரி நழுவுகிறது. பொதுவாக, விந்தணு நுழைந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் முதுகு! இந்த நழுவலுக்குத் தண்டவாளம்போல அமைபவை நுண்குழல்கள். ஒவ்வொன்றின் தடிமன் 25 நானோமீட்டர்தான். வரிசையாக அடுக்கியதுபோல் இருக்கும் இந்தக் குழல்களை 1988-ல் எலின்சன், ரௌனிங் என்ற ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள்.

இவ்வளவு சிறியதை எப்படிப் பார்ப்பது? ஃபார்மால்டிஹைடு அல்லது மெத்தனாலில் போட்டு முட்டையை அந்தக் கணத்திலேயே நிறுத்த வேண்டும். நுண்குழலைக் கட்டும் டியூபுலின் புரதத்தை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அடுத்து சேர்ப்பார்கள். அதன்மேல் ஒளிரும் சாயம் பூட்டிய இன்னொரு ஆன்டிபாடி. முட்டை 1 மி.மீட்டருக்கும் சற்றுப் பெரியது என்பதால் ஆன்டிபாடி உள்ளே ஊறவே ஓர் இரவு ஆகலாம்.

உண்மையான தலைவலி மஞ்சள்கரு. பாலைப்போல ஒளியைச் சிதறடித்துவிடும். கறுப்பு நிறமி வேறு! நிறமியை ஹைட்ரஜன் பெராக்சைடு வெளுக்கும். பிறகு பென்சைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பென்சைல் பென்சோயேட் இரண்டு பங்கு கலந்த திரவத்தில் போட்டால், முட்டை கண்ணாடிபோல் தெளிந்துவிடும். மஞ்சள்கருவும் திரவமும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதுதான் காரணம். (பென்சைல் பென்சோயேட், சிரங்குக்குத் தடவும் அதே மருந்துதான்.)

முட்டை நழுவும் முன்பே அதன் அடிப்பகுதியில் புற ஊதாக் கதிர் பட்டால் நுண்குழல் வரிசை உருவாகாது. தலையே இல்லாத, வெறும் வயிற்று உருண்டையாகக் கரு வளரலாம். அதே முட்டையைச் சாய்த்து வைத்தால், புவியீர்ப்பே உள்ளிருப்பதை நகர்த்தி, பழுதில்லாத தலைப்பிரட்டையைத் தந்துவிடும்!

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளுக்கும் இதில் தொடர்பு உண்டு. அதன் கண்வலிக்கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின், டியூபுலினில் ஒட்டிக்கொண்டு நுண்குழல்களைக் கட்டவிடாது. மனித செல்கள் பிரிவதும் இதே குழல்களால்தான். ‘கவுட்’ மூட்டுவலிக்குக் குறைந்த அளவில் மருந்தாகும் அந்தப் பொருள், கிழங்கைத் தின்றவரின் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கி உயிரையே பறித்துவிடக்கூடும்.