அடி இறக்க ஆபரேஷனுக்குப் பிறகு தாம்பத்யம்

கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் அறிவுரைகளை டெல்டா பெண்கள் பலர் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். குடம் தூக்கக் கூடாது. முக்கக் கூடாது. தையல் தானே கரைந்துவிடும். ஆறு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும். கணவரோடு எப்போது சேரலாம், சேர்ந்தால் தையல் பிரியுமா, வலித்தால் என்ன செய்வது என்ற பேச்சை மட்டும் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. அந்த அம்மாவும் கேட்பதில்லை. கூச்சம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. சர்ஜன் எங்கே தைக்க வேண்டும், எவ்வளவு தைக்க வேண்டும் என்பதே இந்தப் பேச்சில்தான் தீர்மானமாகிறது. ஆகவே அது ஆபரேஷனுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் இடுப்பெலும்புக்குள் தாங்கி நிற்பவை தசைகளும் தசைநார்களும். பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது ‘லிவேட்டர்’ எனும் அடித்தசை பல மடங்கு விரிகிறது. சிலருக்கு அது எலும்பிலிருந்தே பிய்ந்துவிடும். உடனே ஒன்றும் தெரியாது. பல வருடம் கழித்து, மாதவிடாய் நின்று ஹார்மோன் குறையும்போது, “கீழே பந்து மாதிரி ஏதோ தட்டுப்படுது” என்பார்கள். அடுத்தடுத்துப் பிரசவம், ஓயாத இருமல், மலச்சிக்கல், பளு தூக்குதல் எல்லாமே இறக்கத்தை அதிகப்படுத்தும். குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் தவறாமல் நடவுக்கும் களையெடுப்புக்கும் இறங்கியவர்கள், பச்சை உடம்போடு கட்டுச் சுமக்கத் திரும்பியவர்கள் நம் வயல்களில் எத்தனை பேர்! அடி இறங்கியதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வார்கள். டாக்டரிடம் சொல்லப் பல வருடம் ஆகும்.

செங்கல்பட்டுப் பக்கம் 1981 முதல் இயங்கிவரும் ‘ரூவ்செக்’ பெண்கள் அமைப்பின் ஆய்வு ஒன்று 1999இல் வெளிவந்தது. டி.கே.சுந்தரி ரவீந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் அடி இறக்கத்தோடு வாழும் பெண்களிடமே பேசி எழுதியது அது. வேலை, வீடு, தாம்பத்யம் எல்லாவற்றையும் அந்த உபாதையோடு சமாளித்த பெண்களின் குரலை அதில் கேட்கலாம். தஞ்சைப் பெண்ணின் கதையும் பெரிதாக வேறுபடாது என்றே நினைக்கிறேன்.

ஆறுதலான சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தத் திசுவை வைத்தே தைக்கும் ஆபரேஷனுக்குப் பின், பெரும்பாலான பெண்களுக்குத் தாம்பத்யம் முன்பைவிட மேம்படுகிறது, அல்லது அப்படியே இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பிதுங்கி நின்றது உள்ளே போய்விடுகிறது. அதனால் வந்த கூச்சமும் போய்விடுகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெண்மையே போய்விடும் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. உச்ச உணர்வுக்கு முதன்மையான உறுப்பு வெளியே இருக்கும் கிளிட்டோரிஸ். கர்ப்பப்பையை எடுக்கும்போது அதன் நரம்பை வெட்டுவதில்லை. ஆனால் மாதவிடாய் நிற்காதவருக்குச் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் வறட்சி திடீரென்று வரும். ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பின்சுவரில். யோனியின் பின்பக்கம் தைக்கும்போது, இரு பக்கத்து லிவேட்டர் தசைகளையும் நடுவில் இழுத்துச் சேர்த்துக் கட்டுவது பழைய வழக்கம். அங்கே கயிறு போல ஒரு மேடு விழும். சேரும்போது அதில் பட்டுத்தான் வலிக்கும். தேவையில்லாதவர்களுக்கும் இதைச் செய்வதால் தாம்பத்யம் கெடுகிறது என்று லிவர்பூல் பேராசிரியர் ஜெஃப்கோட் 1959இலேயே எச்சரித்தார். நம் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிற பாடநூலை எழுதியவர் அவர். 1997இல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில், பின்சுவர்த் தையலுக்கு முன் 18 சதவீதமாக இருந்த தாம்பத்யச் சிக்கல் பிறகு 27 சதவீதமாகியிருந்தது. வாசலைத் தைத்து முடிக்கும் முன் சர்ஜன் தன் விரல்களை உள்ளே விட்டுப் பார்ப்பார். இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போக வேண்டும். இறுக்கித் தைத்தால் கணவருக்கு நல்லது என்ற எண்ணம் மனைவிக்கு வலியைத்தான் கொடுக்கும். இறக்கமும் அதனால் நிற்காது. மேலே கரை உடைந்திருக்கக் கடைமடையை அடைத்து என்ன பயன்? யோனியின் மேல்நுனியை வலுவான தசைநாரோடு சேர்த்துக் கட்டுவதுதான் முக்கியம்.

யோனி வழியாகச் செயற்கை வலை வைப்பது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. வலை துருத்திக்கொண்டு வலி தந்த புகார்கள் குவிந்தன. 2019 ஏப்ரலில் இறக்க ஆபரேஷனுக்கான அந்த வலைகளின் விற்பனையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நிறுத்தச் சொன்னது. வயிற்று வழியாக வலை வைத்துத் தூக்கிக் கட்டுவது வேறு முறை. அது இன்றும் உண்டு. கர்ப்பப்பையை எடுக்காமலே நாடா போட்டுத் தூக்கிக் கட்டும் முறையை வகுத்தவர்களில் பம்பாயின் டாக்டர் வி.என்.ஷிரோத்கர் முன்னோடி.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. பிரான்ஸின் லெ ஃபோர் 1877இல் விவரித்த ஒரு முறையில் யோனியையே தைத்து மூடிவிடுவார்கள். வயதானவர்களுக்கு, நீண்ட ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு அது பாதுகாப்பானது. பலன் நன்றாக நிற்கும். ஆனால் அதற்குப் பிறகு உறவுகொள்ள முடியாது. 60 வயதாகிவிட்டது என்றோ கணவர் இல்லை என்றோ மகனோ மருமகளோ அந்த அம்மாவுக்காகத் தலையாட்டக் கூடாது. தனியாக உட்காரவைத்து, “வீட்டுக்காரரோட சேர்ந்து இருக்கீங்களா? இனிமேல் அது வேணும்னு தோணுமா?” என்று அவரிடமே கேட்க வேண்டும்.

வீடு திரும்பியபின் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து, டாக்டர் பார்த்து ஆறிவிட்டது என்ற பிறகு சேரலாம். ஆறிய தையல் அதனால் பிரிந்துவிடாது. வறட்சி இருந்தால் நீர் கலந்த ஜெல் உதவும். ஈஸ்ட்ரோஜன் கிரீமை டாக்டர் எழுதித் தருவார்; மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடித்தசையை இறுக்கும் கெகல் பயிற்சி நல்லதுதான். ஆனால் வலிக்குப் பயந்து தசை இறுகியே கிடப்பவர்களுக்கு அது வலியைக் கூட்டும். அவர்கள் தளர்த்தத்தான் பழக வேண்டும். மூன்று மாதம் தாண்டியும் வலித்தால், ரத்தம் பட்டால், “வயசாச்சு, விடுங்க” என்ற பதிலை ஏற்காதீர்கள். மறுபடி காட்டுங்கள்.

அறுவடை முடியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடும் பெண்கள் சும்மா வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை. தாங்கிப் பிடிக்க சிலிகான் வளையம் இருக்கிறது. தஞ்சை ராசா மிராசுதார் போன்ற அரசு மருத்துவமனையின் பெண்கள் நலப் பிரிவில் அதுபற்றிக் கேட்கலாம். வளையம் உள்ளே இருக்கும்போதே பலரால் சேர முடிகிறது. உறுத்தினால் கழற்றிக் கழுவி வைத்துவிட்டு, மறுபடி மடக்கித் தானே போட்டுக்கொள்ளவும் கற்றுக்கொடுப்பார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை புண் ஏதும் இல்லையே என்று காட்டிக்கொண்டால் போதும்.