குடவோலை ஊரில் தேர்தல் இல்லாத ஐந்து வருஷம்



தேர்தல் என்று பேச்சை எடுத்தாலே நம் கேன்டீனில் ஒரே பதில்தான்: "போப்பா, எவன் வந்தா என்ன?" எங்கள் தெருவில் பட்டு நெய்கிற பெரியவர் ஒருவரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறார். "ஓட்டு போடப் போனா அரை நாள் தறி நிக்குது. அந்தக் கூலியை யார் தர்றது?" இந்த அலுப்பு நியாயமானதுதான். ஆனால் மெஷின் தப்பாகப் பீஸ் போட்டால் நாம் திட்டிவிட்டுப் போய்விடுவதில்லையே. எந்தப் பாகத்தில் கோளாறு என்றுதானே பார்க்கிறோம்?

முதல் கோளாறு எண்ணிக்கையில். அறுபது பேர் உள்ள வகுப்பில் லீடர் பதவிக்கு ஐந்து பேர் நிற்கிறார்கள், 20, 14, 11, 9, 6 என்று ஓட்டு விழுகிறது என்று வையுங்கள். இருபது வாங்கியவர் லீடர். மற்ற நாற்பது பேர் அவரைக் கேட்கவே இல்லை! நாட்டுத் தேர்தலும் இதே கணக்குதான். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 சதவீத ஓட்டு வாங்கி 39 தொகுதிகளில் 37-ஐப் பிடித்தது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. இதில் யாரும் திருடவில்லை, முறையே அப்படி. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த 'நோட்டா'வும் இதை மாற்றாது. நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலில் வந்தவர்தான் எம்.எல்.ஏ.

இரண்டாவது பணம். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், 2019-ல் வேலூர் என்று பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலே நிறுத்தப்பட்ட பெருமை நமக்கு உண்டு. எல்லோருக்கும் தெரிந்த கதை, நீட்டவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது மூன்றாவது கோளாறில். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. தேர்தல் நடத்தாமலேயே விட்டுவிடுவது!

காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921-ஆம் வருஷத்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஆள் எடுத்தார்கள். பதவி 360 நாள்தான்.

இதை "உலகின் முதல் ஓட்டுப்பதிவு" என்று மேடைகளில் முழங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது ஓட்டே இல்லை, குலுக்கல் சீட்டு! அதுவும் பிரம்மதேய ஊர். 35 முதல் 70 வயதுக்குள், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். நெசவாளிக்கும் உழுகிறவனுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. ஆனால் ஒன்றை மட்டும் பாராட்டாமல் இருக்க முடியாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவனோடு அவன் நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் போடக்கூடாது!

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்பது அதன் விதி. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சரி, குறையைத் திருத்தி ஆறு மாதத்தில் நடத்தியிருக்கலாமே? வார்டு மறுவரையறை என்றார்கள், வழக்கு என்றார்கள். தனி அலுவலர்களின் காலத்தை ஆறு ஆறு மாதமாக நீட்டினார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்ததால் நம் மாவட்டத்துக்கு இல்லை என்றாகிவிட்டது. நம் கிராமங்களுக்குத் தேர்தல் வந்தது 2021 அக்டோபரில். காஞ்சிபுரம் நகரத்துக்கும் உத்திரமேரூர் பேரூராட்சிக்கும் 2022 பிப்ரவரி 19-ல்.

ஐந்து வருஷத்துக்கு மேல்! வார்டு மெம்பர் என்று ஒரு ஆளே இல்லை. சாக்கடை அடைத்தால், தெரு விளக்கு எரியாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? தனி அலுவலருக்கு நம் ஓட்டு தேவையில்லை, அவர் மாற்றலாகிப் போய்விடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு அந்த ஊரிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்சிலர் கிடையாது. (1986-க்குப் பிறகு 1996 வரை தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

"எவன் வந்தா என்ன" என்று சொல்கிறோமே, எவனுமே வராமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதை நம் மாவட்டம் பார்த்துவிட்டது. ஆனாலும் அதற்காக இங்கே ஒரு பெரிய ஊர்வலம் போனதாக எனக்கு நினைவில்லை. சட்டசபைத் தேர்தலை இப்படி ஐந்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் சும்மா இருந்திருப்போமா?

குடத்து ஓலை விதியில் ஒரு துண்டு இன்றும் சட்டத்தில் இருக்கிறது. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் நின்றவர் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் கமிஷன் அவரை மூன்று வருஷத்துக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். சொந்தக்காரர்களை மட்டும் விட்டுவிட்டார்கள்!

கடைசியாக நம் விஷயம். முன்பு ஜனவரி 1-ல் 18 நிறைந்திருந்தால்தான் பட்டியலில் பெயர். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்தில் நான்கு தேதிகள். 17 முடிந்தவுடனேயே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம். முதல் வருஷத் தம்பி தங்கைகளும் கொடுக்கலாம். வயதுச் சான்றாகப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஜெராக்ஸ் போதும்.