குறியீட்டு வரியும் தமிழ் வாக்கியமும்: விமான முன்பதிவைப் பயண நிரலாக்கல்

எழுத்தை வாசித்தல் வேறு, பொருளை அறிதல் வேறு என்பது மொழியியலின் பாலபாடம். இதனை விளக்க விமான முன்பதிவின் ஒரு வரியே போதும்:

“14மார் 6 டிஆர்இசட்எஸ்ஐஎன் எச்கே1 0040 0725”

பயண முகவரின் கணினித் திரையில் ஆங்கில எழுத்தில் தோன்றும் இத்தகைய வரியை, விளக்கம் கருதித் தமிழில் எழுதியுள்ளோம். நிறுவனப் பெயரையும் விமான எண்ணையும் விடுத்துள்ளோம்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய ‘சேபர்’ எனும் முன்பதிவு முறைமை 1960களில் செயற்பாட்டுக்கு வந்தது. தொலைத்தட்டச்சுக் காலத்தில் எழுத்துச் சிக்கனம் இன்றியமையாததாய் இருந்தது. ஆகவே இவ்வரியில் வினைச்சொல் இல்லை. வேற்றுமை உருபும் இல்லை. பயிற்சி பெற்ற எழுத்தருக்கு அவை தேவைப்படவுமில்லை. பயணியோ அந்தப் பயிற்சி பெற்றவர் அல்லர்.

முதற்படி, குறியீட்டை விரித்தல். திங்கட்கிழமையை ஒன்றாகக் கொள்ளும் கணக்கில் 6 என்பது சனிக்கிழமை. ஆறு எழுத்துக் கோவையின் முற்பாதி திருச்சிராப்பள்ளி, பிற்பாதி சிங்கப்பூர். ‘எச்கே1’ என்றால் ஓர் இருக்கை உறுதியாகியுள்ளது. அவ்விடத்தில் ‘எச்எல்’ என இருப்பின் பயணி காத்திருப்போர் பட்டியலில் உள்ளார். இறுதி எண்கள் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் ஆகும். இவற்றை ஊகத்தால் விரித்தல் கூடாது. மதராஸ் 1996இல் சென்னை எனப் பெயர் மாறிய பின்னரும், அதன் விமான நிலையக் குறியீடு ‘எம்ஏஏ’ என்றே நிலைத்திருக்கிறது.

விரித்தபின் கிடைப்பது: “மார்ச் 14, சனிக்கிழமை, இரவு 12.40 மணிக்குப் புறப்பாடு.” இலக்கணப் பிழை ஏதுமில்லை, ஆயினும் இது பயணியை வழிதவறச் செய்யும். நம் வழக்கில் ‘சனிக்கிழமை இரவு’ என்பது சனிக்கிழமைப் பகலைத் தொடர்ந்து வரும் இரவு. விடியலில் நாளைத் தொடங்குவது நம் மரபு. நள்ளிரவில் தொடங்குவது கணினியின் கணக்கு. எம் உறவினரான மூதாட்டி ஒருவர், இத்தகைய வரியை நம்பி ஒரு நாள் பிந்தி விமான நிலையம் சென்றார். பேரனின் பெயர்சூட்டு விழாவைத் தவறவிட்டார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை.

ஆகவே இரண்டாம்படி, பயணி செய்ய வேண்டியதைச் சொல்லுதல்: “மார்ச் 13, வெள்ளிக்கிழமை இரவு 9.30 மணிக்குள் திருச்சி விமான நிலையத்திற்கு வந்துவிடுக. அன்று நள்ளிரவு கடந்து 12.40 மணிக்கு விமானம் புறப்படும். சனிக்கிழமை காலை 7.25 மணிக்குச் சிங்கப்பூர் சேரும்.” இதில் நாள் தெளிவு; வினையும் தெளிவு.

நேரக் கணக்கிலும் ஒரு வாக்கியம் கூட்டல் வேண்டும். 0040, 0725 ஆகியவை அந்தந்த ஊர் நேரங்கள். கழித்துப் பார்ப்பவருக்குப் பயணம் ஆறே முக்கால் மணி நேரம் எனத் தோன்றும். சிங்கப்பூர் இந்தியாவினும் இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், உண்மையில் அது நாலேகால் மணி நேரமே. வேளை தவறாமல் நீரிழிவு மருந்து உட்கொள்ளும் முதியோருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

மூன்றாம்படி, மாற்றலாகாதவற்றைக் காத்தல். முன்பதிவில் சாய்கோட்டுக்கு முன் குடும்பப் பெயரும் பின் இடுபெயரும் வரும். தமிழருக்கோ பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே அவ்விடத்தை நிரப்புகிறது. மலேசியத் தமிழர் பெயரில் ‘இன்னாரின் மகன்’ எனப் பொருள்படும் ‘ஏ/எல்’ என்பதிலும் ஒரு சாய்கோடு உண்டு. அதன் பணி வேறு. அழகு கருதிப் பெயரைத் திருத்தி எழுதினால் அது கடவுச்சீட்டோடு முரண்படக்கூடும். எனவே பெயரையும், ஆறு எழுத்தெண் கொண்ட பதிவுக் குறியீட்டையும், விமான எண்ணையும் உள்ளவாறே படியெடுத்தல் வேண்டும்.

விரிக்க வேண்டியதை விரித்து, கூட்ட வேண்டியதைக் கூட்டி, காக்க வேண்டியதைக் காப்பதே இங்கு மொழிபெயர்ப்பாளர் கடமை. ஊரிலுள்ள பெற்றோருக்குப் பயணச்சீட்டு எடுத்து அனுப்பும் பிள்ளைகளை நாம் வேண்டுவது இதுவே: சீட்டோடு, எந்தக் கிழமை இரவு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதையும் தமிழில் எழுதி அனுப்புங்கள்.